கேட்டு வாங்கக்கூடிய தூரம்

மட்டக்களப்பில் காலைச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் எடுக்கிற ஒருவர், விற்கிற அம்மாவிடம் “மருந்தடிச்சி எத்தன நாள் மாமி?” என்று கேட்கலாம். “முந்தநாள்தான் அடிச்ச மனே, இது வேணாம், வெண்டிய எடு” என்று பதிலும் வரலாம். தம்புள்ளையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் லொறியில் குலுங்கி வந்த கோவாவைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. உள்ளூர்ச் சாப்பாடு புதிசு, மலிவு, காசு ஊருக்குள்ளேயே சுற்றும் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் விளைவித்தவரை நேரில் கேட்க முடிகிறதே, அதுதான் பெரிய நன்மை. கேட்கத் தெரியாதவருக்கு உள்ளூர் வட்டை (வயல்வெளி) நெல்லும் வெளியூர்ப் பைக்கற்று அரிசியும் ஒன்றுதான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே கடல்வரை எழுவான்கரை. நெல், எருமைத் தயிர், சேனையில் (காடு வெட்டிப் பயிர்செய்கிற மேட்டுநிலத்தில்) விளைகிற சோளம், கௌபி, பயறு எல்லாம் பெரும்பாலும் படுவான்கரையிலிருந்து வரும். கீரை, மரக்கறி, வெற்றிலை, கடல்மீன் எழுவான்கரைச் சாமான். களுதாவளை மாதிரி மணல் ஊர்களில் கிணற்றுத் தண்ணீரை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் எடுக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்குச் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர்; மட்டக்களப்புக்கு உன்னிச்சை, நவகிரி மாதிரிக் குளங்கள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் ‘பாதை’யில் போகலாம். பாதை என்றால் இங்கு வீதி அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. விளைகிற இடத்துக்கும் அடுப்புக்கும் இடையில் உள்ளது பல வீடுகளுக்கு அந்த ஒரு பாதைதான்.

முதலில் அரிசி. வீட்டுச் செலவிலும் உடம்பிலும் அதற்குத்தான் பெரிய பங்கு, பிழை விடுகிறதும் அதில்தான் அதிகம்.

அரிசியாக வாங்காமல் நெல்லாக வாங்குங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு ஒரு கிலோ அரிசி என்று வையுங்கள். மாதம் 30 கிலோ. நெல்லில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாக வரும், மற்றது உமியும் தவிடும். ஆகவே மாதத்துக்கு 45 கிலோ நெல். மாரி வெள்ளாண்மை வெட்டுகிற மாசியிலிருந்து சிறுபோகம் வெட்டுகிற ஆவணி வரை ஆறு மாதத்துக்கு 270 கிலோ. ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ என்பதால் 13 புசல் போதும். ஒரு அறையின் மூலையில் அடங்கிவிடும்.

வாங்கும்போது முதல் கேள்வி: என்ன இனம்? ‘பிஜி’ (Bg) என்றால் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ‘ஏரி’ (At) என்றால் அம்பலாந்தோட்டை நிலையத்தில் உருவாக்கிய இனம். பின்னால் வருகிற இலக்கம் வயதைச் சொல்லும். 300 என்றால் மூன்று மாதம். 352, 360, 362 மூன்றரை. 400க்கு மேலே போனால் நாலு மாதம். 94-1 போன்ற பழைய இலக்கங்கள் இந்தக் கணக்குக்குள் வராது. கீரிச்சம்பா என்று கடையில் விற்பது பிஜி 360. சிவப்பரிசி வேண்டியவர்கள் ஏரி 362 கேட்கலாம். பச்சைப்பெருமாள் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் விளைச்சல் குறைவு என்பதால் விலை கூடச் சொல்வார்கள். அது நியாயமான விலைதான்.

இரண்டாவது கேள்வி: நெல் காய்ந்ததா? இப்போது எல்லாம் மெசின் வெட்டு. மெசினிலிருந்து கொட்டுகிற நெல்லில் ஈரம் 20 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். வைத்திருந்து சாப்பிட 14க்குக் கீழே வரவேண்டும். ஆறு மாதம் வைக்கப் போகிறீர்கள் என்றால் 13 நல்லது. இதில் ஒரு காசுக் கணக்கும் உண்டு. 20 சத ஈரத்தோடு 100 கிலோ வாங்கி 14க்குக் காயவைத்தால் கையில் நிற்பது 93 கிலோ. ஏழு கிலோ தண்ணீருக்கும் நெல் விலை கொடுத்திருக்கிறீர்கள். வயலில் விலை குறைவாக இருக்கிறது என்று ஓடிப்போய் வாங்குகிறவர்கள் இந்த ஏழு கிலோவை மறந்துவிடுவார்கள்.

ஈரமானி இல்லாதவர்களுக்குப் பல் போதும். ஒரு மணியை உமி நீக்கி முன்பல்லில் கடியுங்கள். ‘டக்’ என்று இரண்டாக உடைந்தால் சரி. நசிந்து தட்டையானால் இன்னும் ஒன்றிரண்டு வெயில் வேண்டும். ஒரு மணியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூடையின் வாய், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கடிக்க வேண்டும். மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமும் கலந்த மூடைதான் பிறகு பூஞ்சணம் பிடித்து நாறும்.

காயவைப்பதற்குத் தார் வீதியை நம்பாதீர்கள். கல் சேரும் என்பது ஒன்று, நடுப்பகல் தாரின் சூட்டில் மணிக்குள் வெடிப்பு விழும் என்பது மற்றது. அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, மில்லில்தான் குறுணலாக வெளியே வரும். சீமெந்துத் தரையிலோ படங்கிலோ மூன்று விரல் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கொரு தடவை காலால் உழுதுவிட வேண்டும். உச்சி வெயில் நேரம் கூட்டிக் குவித்து மூடி, வெயில் தணிந்ததும் திரும்பப் பரப்பினால் மணி உடையாது. பின்னேரம் சூடு ஆறமுன் மூடை கட்டக் கூடாது. உள்ளே வேர்த்து, காய்ந்த நெல் திரும்ப நனைந்துபோகும்.

மூடைகளைச் சுவரில் சாய்க்காமல் ஒரு முழம் தள்ளி, நிலத்திலிருந்து ஒரு சாணாவது உயரப் பலகை மேல் அடுக்குங்கள். மாரியில் சீமெந்து நிலம் வேர்க்கிற ஊர் இது. வேப்பிலை, நொச்சியிலை போடுவது பழைய வழக்கம். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் ஈர நெல்லை எந்த இலையும் காப்பாற்றாது. மூடைக்கு மேலே சின்ன வெளிர் மஞ்சள் அந்துப்பூச்சி பறக்கக் கண்டால், அதற்கு முன்பே மணிக்குள் புழு இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மூடையை முதலில் குத்தி முடித்துவிட வேண்டும்.

மில்லுக்குக் கொண்டுபோகும்போது “வெள்ளையாத் தீட்டாதீங்க, ஒரு தரம் விட்டாப் போதும்” என்று சொல்லி, பக்கத்திலேயே நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் வெள்ளையாகத் தீட்டிவிடுவார்கள். விட்டமின் பி1, நார், எண்ணெய் எல்லாம் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது. அந்த எண்ணெயே ஒரு தொல்லையும் கொடுக்கும்: தவிடு ஒட்டிய அரிசி மூன்று நாலு கிழமைக்குள் சிக்கு மணம் தட்டத் தொடங்கும். நெல்லாக வைத்து மாதாமாதம் குத்து என்று சொல்வது இதற்காகத்தான். ஆறு மாதத்துக்குத் தேவையான தவிட்டரிசியை ஒரே நாளில் குத்தி வாளியில் அடைத்தவர்கள், இரண்டாம் மாதத்திலேயே ‘சிவப்பரிசி மணக்குது, பிள்ளைகள் தின்னுதில்ல’ என்று வெள்ளைக்குத் திரும்பிவிடுவார்கள். பிழை அரிசியில் இல்லை.

45 கிலோ போட்டு 27க்குக் கீழே வந்து, குறுணலும் அள்ளு அள்ளாக இருந்தால் மில்காரரோடு சண்டை பிடிக்க முன் காயவைத்த விதத்தை யோசியுங்கள். வேகமாகக் காய்ந்ததும், காய்ந்த பிறகு மழையில் நனைந்து திரும்பக் காய்ந்ததும் நொறுங்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட நெல்லைப் புழுக்கினால் கொஞ்சம் தப்பும். வெடிப்பு ஒட்டிக்கொள்ளும், தவிட்டிலுள்ள பி விட்டமின் ஒரு பங்கு மணிக்குள்ளும் இறங்கும். கொதிக்க முன் நிலையில், கை வைக்க முடியாத சூட்டுத் தண்ணீரில் நெல்லைப் போட்டு நாலைந்து மணித்தியாலம் மூடி வையுங்கள். பிறகு தண்ணீரை வடித்து, உமி வாய் பிளக்கும்வரை ஆவியில் அவியுங்கள். பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்ற மறந்தால் சோறு புளித்து மணக்கும்; எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

சமைக்கும்போது தவிட்டரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, ஒரு கோப்பைக்கு இரண்டரையிலிருந்து மூன்று கோப்பை தண்ணீர். தை மாதத்துப் புது நெல்லரிசி குழையும். அது பொங்கலுக்கும் பாற்சோற்றுக்கும்தான் சரி. இரண்டு மூன்று மாதம் போன நெல் பொலபொலவென்று வரும். சீனி வருத்தக்காரர்களுக்கு ஒன்று: சிவப்பரிசி கொஞ்சம் மெதுவாகச் சமிக்கும், அவ்வளவுதான். கோப்பை நிறையச் சாப்பிட்டுவிட்டு ‘சிவப்புத்தானே’ என்றால் இரத்தத்துக்கு அந்த நியாயம் தெரியாது.

அரிசிக்கு ஆறு மாதக் கணக்கு. மீனுக்கு மணித்தியாலக் கணக்கு. “எப்ப கரைக்கு வந்த?” என்பதோடு “ஐஸ் எப்ப வச்ச?” என்றும் கேளுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். வெயில் நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். மேலே நாலு கட்டியைத் தூவி வைத்திருப்பது கண்காட்சி. சூரை, கும்பளா வகையில் இது உயிர்ப் பிரச்சினையாகவும் மாறலாம். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடிக்கும். பலர் அதைச் ‘சூரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நினைக்கிறார்கள். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. புளி போட்டாலும் போகாது. நாக்கில் மிளகு மாதிரி உறைத்தால் அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள்.

சூடை, கீரி, நெத்தலியை ஏழை மீன் என்று தள்ளுகிற பழக்கம் பட்டணத்தில் வந்துவிட்டது. முள்ளோடு மென்று தின்னக்கூடிய மீனில் கிடைக்கிற கல்சியம் பாரைத் துண்டில் கிடைக்காது. கரைவலை இழுத்த காலையில் அரைக் கிலோ நெத்தலி வாங்கி, தலை கிள்ளி, மஞ்சள் உப்புப் பிரட்டிப் பொரித்தால் நாலு பேருக்குக் காணும்.

கார்த்திகை தொடங்கித் தை வரை கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது. அந்த மாதங்களில் வாவியைப் பார்க்க வேண்டும். இறால், நண்டு, மணலை, யப்பான் மீன் என்று நாங்கள் சொல்கிற திலாப்பியா, குளத்து விரால். நண்டைக் கையில் எடுத்தால் பருமனுக்கு ஏற்ற பாரம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்து இலேசாக இருந்தால் ஓடு கழற்றிக் கொஞ்ச நாள்தான், உள்ளே தண்ணீர். சிறுபோகக் காலத்துக் கச்சான் காற்றில் கடல் அடங்கி மீன் மலியும்போது கருவாடு போட்டு வைத்தால் மாரிக்கு உதவும். (காற்றுக்கும் கச்சான், நிலக்கடலைக்கும் கச்சான், வெளியூர்க்காரருக்கு இது விளங்க ஒரு வருடம் எடுக்கும்.) நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, மணலில் அல்ல, பரணில் உலர்த்தியது. உப்பு நிறையப் போட்ட கருவாட்டிலேயே ரோசா நிறம் படர்ந்திருந்தால் வாங்க வேண்டாம். உப்பைத் தாங்கி வாழ்கிற கிருமி அது.

மரக்கறியில் ஒரு தவறான நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். ‘புழு இருந்தால் மருந்தடிக்காத கத்தரிக்காய்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். காயைத் துளைக்கிற அந்தப் புழு உள்ளே போய்விட்டால் மருந்து அதைத் தொடாது. புழு போகவில்லை என்றுதான் விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறார். ஆகவே ஓட்டை விழுந்த காய்தான் அதிகம் குளித்த காயாகவும் இருக்கலாம். உள்ளூர் என்றால் நஞ்சில்லாதது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தரியும் பயற்றங்காயும்தான் இங்கு அதிகம் மருந்து வாங்குகிற இரண்டு. போத்தல் லேபலில் அடித்தபின் எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்று இருக்கும். பல மருந்துகளுக்கு ஒரு கிழமை, சிலவற்றுக்கு இரண்டு. கேட்டு அறிந்து, ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குகிற வீட்டுக்கு அவர் அடிக்காத பாத்தியிலிருந்து பறித்துத் தருவார். ஆளை மாற்றி மாற்றி, பத்து ரூபாய் குறைவுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

பூசணி, புடோல், முருங்கை, மரவள்ளி, வற்றாளை, வாழைப்பூ ஆகியவை மருந்து குறைவாகப் படுகிற சாமான்கள். தினச் சமையலை இவற்றில் நிறுத்தி, கத்தரியைக் கிழமைக்கு ஒரு நாளாக்கலாம்.

மரவள்ளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உள்ளூராக வாங்கியே ஆக வேண்டிய ஒன்று என்றால் அதுதான். கிளப்பி இரண்டு நாளில் கிழங்குக்குள் நீலக் கோடு ஓடத் தொடங்கும். அப்படி நீலம் பாரித்ததை விட்டுவிடுங்கள். புதுக் கிழங்கைத் தோலும் உள்தோலும் உரித்து, நடு நார் நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிழங்கிலுள்ள நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும் போவதால்தான் மூடக் கூடாது. கைத்தால் துப்புங்கள், உப்புப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

கீரைக்குத் தூரமே எதிரி. பறித்த பொன்னாங்காணி பின்னேரத்துக்குள் வாடி, விட்டமின் சியில் பெரும் பங்கை இழந்துவிடும். காலையில் வாங்கினால் ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றி நிழலில் வைத்து மத்தியானத்துக்குள் சமையுங்கள். கழுவிவிட்டு வெட்டுங்கள், வெட்டிவிட்டுக் கழுவாதீர்கள். சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ போடுவது ருசிக்கு மட்டும் அல்ல, இலையிலுள்ள விட்டமின் ஏ உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்; சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பைத் தேத்தண்ணி பிடித்துக்கொள்ளும், ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். வல்லாரை பச்சையாகச் சாப்பிடுவதால் உப்புத் தண்ணீரில் இலை இலையாக அலசவேண்டும். பட்டணத்துக் கானோரத்தில் கொழுத்து நிற்கிற கங்குன் மட்டும் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். அது குடித்து வளர்ந்த தண்ணீர் எது என்று பாருங்கள்.

எருமைத் தயிருக்கும் கேள்வி உண்டு: “எப்ப உறை ஊத்தின?” நேற்று இரவு ஊற்றியது இன்று காலை சரியான பதம். சட்டியைச் சரித்தால் தயிர் அசையாமல் நிற்க வேண்டும், மேலே ஆடை பால் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் ஓடியிருந்தால் பசுப்பால் கலந்திருக்கிறது. பசுப்பாலின் கொழுப்புக்குத்தான் அந்த நிறம், எருமைக்கு இல்லை. பசுத் தயிரும் நல்லதுதான், எருமை விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் போடுகிறவர்கள் பாலைக் கொதிக்கவைத்து, சின்ன விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை கலந்து, ஆறேழு மணித்தியாலம் அசைக்காமல் விடவேண்டும். சூடு கூடினால் உறை செத்துவிடும். நேரம் கூடினால் தண்ணீர் பிரிந்து புளிக்கும். புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவிட்டால்தான் மண் வாசம் போகும்.

எல்லாமே உள்ளூராக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது வீண் வேலை. கரட், லீக்ஸ் இங்கு விளையாது, ஆசைக்கு வாங்கலாம். மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருகிறது. கிழமையில் இரண்டு நாள் அதன் இடத்தில் சேனைப் பயறும் கௌபியும் வந்தால் போதும். குரக்கன் மா வாங்கினால் வாயில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், மணல் கடிபட்டால் திருப்பிக் கொடுங்கள்.

மாரிக்கு ஆயத்தம் ஐப்பசி முதல் கிழமையிலேயே முடிய வேண்டும். மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மறித்தால் தம்புள்ளை லொறி நிற்கும், அன்றே சந்தையில் விலை ஏறும். சிறுபோக நெல் இரண்டு மாதத்துக்காவது வீட்டில் இருக்க வேண்டும். அதில் ஒரு மாதத்துக்கானதைக் குத்தியே வைக்கலாம், கரண்ட் போனால் மில்லும் இல்லை. முற்றின பூசணி மூன்று நாலு, காம்போடு வெட்டி, ஒன்றை ஒன்று தொடாமல் பலகையில். காம்பு முறிந்தது முதலில் அழுகும், அதை முதலில் சமையுங்கள். கருவாடு, காய்ந்த மிளகாய், பயறு, பழப்புளி எல்லாம் இறுக்கமான மூடியுள்ள வாளியில்.

முற்றத்து முருங்கையை அதே கிழமையில் நெஞ்சுயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கொப்பு நிறைய இருந்தால் காற்றுக்கு முறியும். மழை தொடங்கியதும் மயிர்க்கொட்டியும் அதில்தான் குடும்பம் நடத்தும். வெட்டிய மரம் ஒரு மாதம் சொச்சத்தில் புது இலையோடு நிற்கும், சந்தையில் கீரை இல்லாத நேரத்துக்கு அது காணும். மணிக்கட்டுப் பருமனான கம்புகளை எறிந்துவிடாமல் பக்கத்து வீட்டு வேலிக்குக் கொடுங்கள். மழை ஈரத்தில் ஒரு சாண் ஆழத்தில் ஊன்றினாலே வேர் பிடிக்கும்.